அகுஸ்டேவை எங்கே விடுவது?

1901-ம் ஆண்டு. ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரம். அங்கே ரயில்வேயில் குமாஸ்தாவாக வேலை பார்த்துவந்த கார்ல் டீட்டர் என்கிற மனிதருக்கு, அந்த வருடம் மார்ச் மாதத்தில்தான் முதல் அதிர்ச்சி! அவருடைய மனைவி அகுஸ்டே, திடீரென்று ஒருநாள் அவர்மீது சந்தேகப்பட்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணியோடு கணவர் உலாவப் போகிறார் என்று குற்றச்சாட்டு. 1873-ல் கல்யாணம். ஒரே மகள். இருபத்தெட்டு வருட தாம்பத்தியத்தில் அப்படியொரு பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை.

சரி, ஏதோ மனஸ்தாபம், நாலு நாளில் சரியாகிவிடும் என்று கார்ல் நினைத்திருக்கக்கூடும். ஆகவில்லை. சமையலில் தப்பு வர ஆரம்பித்தது. அத்தனை வருடமாகச் செய்த அதே சமையல்! வீட்டுக்குள்ளேயே காரணம் இல்லாமல் அங்குமிங்கும் நடந்தார். சாமான்களை எடுத்து ஒளித்துவைத்தார். பிறகு எங்கே வைத்தோம் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்துபோகிற ஒரு வண்டிக்காரர் தன்னை ஏதோ செய்யப்போகிறார் என்று பயந்தார். அக்கம்பக்கத்தில் யார் பேசினாலும் அது தன்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டினார். போய் மற்றவர்கள் வீட்டு மணியை அடித்தார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஏதோ எண்பது வயதுப் பாட்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். அகுஸ்டேவுக்கு அப்போது வயது 51!

இந்த மாதிரி நிலைமையில் ஒரு கணவர் என்னதான் செய்ய முடியும்? பகலில் ஆபீஸ் போயாக வேண்டும், அதுதான் சாப்பாடு. ராத்திரியில் மனைவி தூங்குவதில்லை. எட்டு மாதம் தாக்குப்பிடித்தார் கார்ல். கடைசியில் குடும்ப டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். நீண்ட நாட்களாக ஞாபகக் குறைவு, தன்னை யாரோ துன்புறுத்துவதாக எண்ணம், தூக்கமின்மை, அமைதியின்மை... எந்த வேலையும் செய்ய இயலாத நிலை, மனநோய் விடுதியில் சேர்த்துச் சிகிச்சை தேவை என்கிற பொருளில் அமைந்த சீட்டு. அதை எடுத்துக்கொண்டு 1901 நவம்பர் 25-ம் தேதி மனைவியை ஃப்ராங்க்ஃபர்ட்டின் மனநோய் விடுதியில் சேர்த்தார்.

இது நடந்து ஒன்றேகால் நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனால், போன வருடம் என் நண்பர் ஒருவர் போனில் பேசியபோது எனக்கு உடனே கார்ல் டீட்டர் ஞாபகம்தான் வந்தது. நண்பரின் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. கேஸைத் திறந்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோகிறார். ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு, 'ஸ்கூலுக்கு நேரமாச்சு' என்று கிளம்புகிறார். ரிட்டயர்டு டீச்சர்! நண்பரும் அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டோடு இருக்க வைத்த மூன்று பெண்கள் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். 'ஒரு ஹோம் பார்த்துச் சேர்த்துடலாமானு இருக்கு சார்... ஆனா ஊர்ல, பெத்த அம்மாவைத் தள்ளிவிட்டுட்டான்னு பேசுவாங்களே' என்றார். குரல் உடைந்துவிட்டது.

ஊர் பேசும்தான். நம் சினிமாவில் முதியோர் இல்லம் என்றால், வாசலில் அழுதுகொண்டே நிற்கும் அம்மாவும் காரில் ஏறிப் போகிற மகனும்தானே! நம்மூரில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது நூறு பேரில் ஏழு பேருக்கும் கொஞ்சம் அதிகம். இத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறார். அவரைப் பற்றி சினிமா கிடையாது.

நண்பருக்கு நான் சொன்னது அறிவுரை இல்லை. அகுஸ்டேவின் கதையைத்தான் சொன்னேன். ஏனென்றால், ஒரு ஹோமைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அந்த ஒரு பெண்மணியின் கேஸ் ஃபைலில் இருக்கிறது.

முதலில் அந்த இடத்தைப் பார்ப்போம். மனநோய் விடுதி என்றதும் இருட்டு அறை, சங்கிலி, சவுக்கு என்று கற்பனை பண்ண வேண்டாம். ஃப்ராங்க்ஃபர்ட் விடுதி அந்தக் காலத்தில் ஜெர்மனியின் மிக நல்ல விடுதிகளில் ஒன்று. அதைக் கட்டவைத்தவர் ஹெய்ன்ரிச் ஹாஃப்மன் என்கிற சுவாரஸ்யமான டாக்டர். தன் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுக்க நல்ல படப்புத்தகம் கடையில் கிடைக்காமல், தானே கதை எழுதிப் படமும் வரைந்து கொடுத்தவர். 1845-ல் அச்சான அந்தப் புத்தகம்தான் உலகப்புகழ் பெற்ற 'ஸ்ட்ருவல்பீட்டர்'. பழைய விடுதியின் லட்சணத்தைப் பார்த்து மனசு பொறுக்காத ஹாஃப்மன், ஊரெல்லாம் பேசி, எழுதி, பணம் திரட்டி, நகரத்துக்கு வெளியே தோட்டத்தோடு ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பவைத்தார். 1864-ல் திறந்தார்கள். கோபுரமும் கூர்மாடமுமாக அது நிற்பதைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர் 'பைத்தியக்காரர் கோட்டை'!

ஹாஃப்மனுக்குப் பிறகு 1888-ல் பொறுப்பேற்ற எமில் ஸியோலி இன்னும் ஒரு படி மேலே போனார். நோயாளிகளைக் கட்டிப்போடுவது கூடாது என்பது அவருடைய கொள்கை. ரொம்பவும் கலவரப்படுகிறவர்களை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் உட்காரவைத்து அமைதிப்படுத்துவார்கள். அந்த ஸியோலிக்கு உதவியாக, அதே வருடம் டிசம்பரில் வேலைக்குச் சேர்ந்த இருபத்துநாலு வயது இளைஞர்தான் அலாய்ஸ் அல்ஸைமர்.

ஆமாம், அந்த அல்ஸைமரேதான்!

அகுஸ்டே வந்து சேர்ந்த மறுநாள், நவம்பர் 26. அல்ஸைமர் அவர் எதிரே உட்கார்ந்தார். அந்த வருடம் பிப்ரவரியில்தான் அல்ஸைமரின் மனைவி இறந்திருந்தார். வீட்டில் மூன்று சின்னக் குழந்தைகள். ராப்பகலாக ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்த காலம் அது. நோயாளியிடம் தான் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில் எல்லாவற்றையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைத்தார்.

பெயர் என்ன என்றார். அகுஸ்டே என்று பதில் வந்தது. குடும்பப் பெயர்? அதற்கும் அகுஸ்டே. கணவர் பெயர்? கொஞ்சம் யோசித்து... அதுவும் அகுஸ்டே என்றுதான் நினைக்கிறேன் என்றார். இங்கே வந்து எத்தனை நாளாச்சு? மூன்று வாரம் என்றார். வந்து ஒரே நாள்தான் ஆகியிருந்தது!

பென்சில், பேனா, பர்ஸ், சாவி, சுருட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார் டாக்டர். எல்லாவற்றுக்கும் சரியாகப் பெயர் சொன்னார் அகுஸ்டே. சற்றுநேரம் கழித்து, என்னென்ன காட்டினேன் என்றால் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் தட்டில் காலிஃப்ளவரும் பன்றிக்கறியும் இருந்தன. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது வந்த பதில், பசலைக்கீரை. எழுதச் சொன்னார்கள். 'திருமதி' என்று எழுதி நிறுத்திவிட்டார். மீதி என்ன எழுத வேண்டும் என்பது அதற்குள் போய்விட்டது. அடுத்த சொல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படித் தடுமாறுகிறபோது அகுஸ்டே ஒன்று சொன்னார்: தன்னைத் தானே தொலைத்துவிட்டதாக.

அந்த வார்த்தையை அல்ஸைமர் எழுதிவைத்தார் பாருங்கள், அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். 'உளறுகிறார்' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருந்தால் கேட்க ஆளில்லை. எத்தனையோ டாக்டர்கள் அப்படித்தான் எழுதிப் போனார்கள். அந்தக் கோட்டைக்குள் அகுஸ்டேவுக்குக் கிடைத்த ஆகப்பெரிய அதிர்ஷ்டம், அவர் பேசுவதை உட்கார்ந்து கேட்ட ஒரு ஆள்.

ஆனால் அந்த ஆள் 1903-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார். முதலில் ஹைடல்பர்க். பிறகு, அக்டோபரிலிருந்து ம்யூனிக். அங்கே எமில் க்ரேப்லின் என்கிற பெரிய மனநல நிபுணரின் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்தார். அகுஸ்டே கோட்டையிலேயே இருந்தார்.

இதற்கிடையே கார்லுக்குப் பணக் கஷ்டம். குமாஸ்தா சம்பளத்தில் மாதாமாதம் விடுதிக் கட்டணம் கட்டியாக வேண்டும். செலவு குறைந்த வேறு விடுதிக்கு மனைவியை மாற்றிவிடலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றும், ம்யூனிக்கில் இருந்தபடியே விசாரித்துக்கொண்டிருந்த அல்ஸைமர் தலையிட்டு அவரை ஃப்ராங்க்ஃபர்ட்டிலேயே வைத்திருக்கச் செய்தார் என்றும் அல்ஸைமரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். டாக்டருக்கு இரக்கமா, ஆராய்ச்சி கைநழுவிப் போகக்கூடாதே என்கிற கவலையா? ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். கார்லைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹோம் என்பது சேர்க்கிற அன்றைக்கு முடிகிற செலவு இல்லை. அது எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாத செலவு. நண்பரிடம் நான் முதலில் கேட்டதே, 'ஆறு வருஷம் கட்ட முடியுமா? எட்டு வருஷம்?' என்றுதான். அவர் மனசில் இருந்த கணக்கு ரெண்டு வருடத்துக்கு.

அகுஸ்டேவின் கடைசி மாதங்களைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும். கணவரையும் மகளையும் கூப்பிட்டு மணிக்கணக்கில் கத்தியவர், படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வார்டெல்லாம் அலைந்தவர், போகப்போகப் பேச்சை நிறுத்திவிட்டார். முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்தே கிடந்தார். மலஜலம் போவது தெரியவில்லை. 1906 ஏப்ரல் 8-ம் தேதி இறந்துபோனார். 56-வது பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து வாரம் பாக்கி.

எதனால் இறந்தார்? இங்கேதான் பலரும் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். படுக்கைப்புண்! ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததால் உண்டான புண், அதன்வழியாக ரத்தத்தில் விஷம் ஏறியது. உலகம் முழுக்கப் பெயர் தெரிந்த நோய்க்கு முதல் நோயாளி, அந்தக் காலத்து ஜெர்மனியின் சிறந்த விடுதிகளில் ஒன்றில், இப்படித்தான் இறந்தார். கட்டிப்போடாத, பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட, தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் காத்திருந்த விடுதிதான் அது. 1906-ல் ரத்தத்தில் ஏறிய கிருமியைக் கொல்ல மருந்தும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தது மருத்துவ சரித்திரம். தகவல் ம்யூனிக்குக்குப் போனது. ஃபைலும் அகுஸ்டேவின் மூளையும் வந்து சேர்ந்தன. சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்த அல்ஸைமருக்கு, நரம்பணுக்களுக்கு உள்ளே முடிச்சு முடிச்சாக நார்களும், வெளியே திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருப்பதும் தெரிந்தன. 1906 நவம்பர் 3-ம் தேதி ட்யூபிங்கன் நகரில் நடந்த மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் அதை எடுத்துச் சொன்னார். பேசி முடித்ததும் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று நின்றார். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை! 1910-ல் க்ரேப்லின் தன் பாடப்புத்தகத்தில் 'அல்ஸைமர் நோய்' என்று எழுதியபிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது. ஐந்து வருடத்தில், 51 வயதில், அல்ஸைமரும் போய்விட்டார். அகுஸ்டே அந்தக் கோட்டைக்குள் நுழைந்தபோது இருந்த அதே வயது.

ஃபைல்? அது எங்கேயோ காணாமல் போய்விட்டது. 1995 டிசம்பரில்தான் ஃப்ராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையின் பழைய காகிதங்களுக்கு நடுவே கிடைத்தது. நீல நிற அட்டை, உள்ளே 32 தாள்கள். அல்ஸைமர் கையெழுத்தில் மேலே நான் சொன்ன கேள்வி பதில்கள்.

ஜெர்மனியில் இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. 'ஹோமில் விட்டால் என்ன ஆகும்?' என்கிற பயத்துக்கு, உலகத்திலேயே பயங்கரமான பதில் அதே நாட்டில்தான் கிடைத்தது.

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து வடமேற்கே போனால் ஹாடமார் என்று ஒரு சின்ன ஊர். அங்கேயும் ஒரு மனநோய் விடுதி இருந்தது. 1939 அக்டோபரில் ஹிட்லர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். தேதியை மட்டும் முன்னால் தள்ளி, போர் தொடங்கிய செப்டம்பர் 1 என்று போட்டுக்கொண்டார்கள். 'தீராத நோயாளிகளுக்குக் கருணை மரணம்' என்பது அந்தத் தாளின் சாரம். விடுதிகளுக்கெல்லாம் படிவங்கள் போயின. என்ன நோய், வேலை செய்ய முடியுமா, எத்தனை வருடமாக இருக்கிறார் என்று கேட்கும் சாதாரண சர்க்கார் படிவம்! அதில் குறிப்பிட்டிருந்த நோய்களில் முதுமையால் வரும் மூளைக்கோளாறும் ஒன்று. எங்கோ உட்கார்ந்திருந்த டாக்டர்கள், நோயாளியைப் பார்க்காமலேயே அந்தப் படிவத்தில் குறி போட்டார்கள்.

பிறகு பஸ் வரும். சாம்பல் நிற பஸ். ஏற்றிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் குடும்பத்துக்கு ஒரு கடிதம் வரும். உங்கள் உறவினர் நிமோனியாவால் இறந்துவிட்டார் என்பதுபோல ஏதாவது பொய்க் காரணம். தொற்றுநோய் அபாயம் என்பதால் உடனே எரித்துவிட்டோம், அஸ்தி வேண்டுமானால் தெரிவிக்கவும்! ஹாடமாரில் மட்டும் 1941 ஜனவரியிலிருந்து ஆகஸ்டுக்குள் விஷவாயு அறையில் கொல்லப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் அதிகம். இதுபோல ஆறு இடங்கள். மொத்தம் சுமார் 70,000 பேர்.

விஷயம் மூடிவைக்க முடியாத அளவுக்கு ஊரில் பரவியது. 1941 ஆகஸ்டில் லிம்பர்க் பிஷப் நீதி அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், அந்தப் பகுதி வயதானவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று குறிப்பிட்டார். எந்தக் காரணத்துக்காகவும் என்னை சர்க்கார் விடுதிக்கு அனுப்பிவிடாதே, மனவளர்ச்சி இல்லாதவர்கள் தீர்ந்ததும் அடுத்து எங்கள் முறைதான் என்று கிழவர்கள் கெஞ்சுகிறார்களாம். அதே மாதம் ம்யூன்ஸ்டர் நகர பிஷப் காலன் பிரசங்க மேடையிலேயே இதைப் போட்டு உடைத்தார். வாயு அறைகள் ஆகஸ்டு கடைசியில் நின்றன. கொலை நிற்கவில்லை. ஊசியாலும் மாத்திரையாலும் பட்டினியாலும் போர் முடிகிறவரை நடந்தது.

கவனியுங்கள், அந்த விடுதிகளில் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கொடூரர்கள் இல்லை. கார்ல் டீட்டர் மாதிரியான கணவர்கள், மகள்கள், அண்ணன் தம்பிகள். அவர்களில் அடிக்கடி வந்து பார்த்தவர்கள், கடிதம் போட்டுக் கேள்வி கேட்டவர்கள், சிலரையாவது வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றிக்கொண்டார்கள். இன்றைக்கு எந்த ஹோமிலும் சாம்பல் நிற பஸ் கிடையாது. இருந்தாலும், வந்து பார்க்க ஆளில்லாதவரை எந்த விடுதியுமே கொஞ்சம் மெத்தனமாகத்தான் நடத்தும்.

போர் முடிந்த பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஹோம்கள் பெருகின. ஆனால் எல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி! நீள வராந்தா, ரெண்டு பக்கமும் கட்டில், வெள்ளை யூனிஃபார்ம், டிவி முன்னால் வரிசையாக நாற்காலிகள். விழுந்துவிடுவார்கள் என்று சொல்லி நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவது சர்வசாதாரணம். அமெரிக்காவில் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வர 1987 ஆயிற்று. கயிறு போனது, மாத்திரை வந்தது. கலவரப்படுகிறவர்களுக்கு மனநோய் மாத்திரையைக் கொடுத்து மந்தமாக்கி உட்காரவைத்தார்கள். டிமென்ஷியா உள்ள வயதானவர்களுக்கு இந்த மாத்திரைகளால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-ல் எச்சரிக்கை அச்சிடவைத்தது. எனவே, ஒரு ஹோமுக்குப் போனதும் எல்லோரும் அமைதியாக, சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தால், 'ஆஹா, என்ன அமைதி' என்று சந்தோஷப்படாமல் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

இந்த ஆஸ்பத்திரி வாடையை உடைத்தது நெதர்லாந்து. ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் வேஸ்ப் என்று ஓர் ஊர். அங்கிருந்த டிமென்ஷியா ஹோமில் வேலை பார்த்தவர் இவோன் ஃபான் அமரோங்கன். அவருடைய அப்பா திடீரென்று மாரடைப்பில் இறந்துவிட்டார். செய்தி கேட்டதும் தன் மனசில் ஓடிய முதல் எண்ணத்தைப் பிற்பாடு பல பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்: நல்லவேளை, அப்பா ஹோமுக்கு வரவேண்டிய நிலை வரவில்லை! அடுத்த நிமிடமே அவருக்குச் சுரீர் என்றது. அப்பாவை விட மனசு வராத ஒரு இடத்தில், தினம் தினம் அடுத்தவர் அப்பாக்களைக் கவனிக்கிறேனே என்று. உடன் வேலை செய்தவர்களிடம் பேசினார். அவர்களுக்கும் அதே எண்ணம். 1993-ல் மாற்றத்தைத் தொடங்கினார்கள். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டி, 2009-ல் 'ஹோகவேக்' என்கிற முழுக் குடியிருப்பாக்கினார்கள்.

அங்கே வார்டு கிடையாது. ஆரம்பத்தில் 23 வீடுகள். ஒரு வீட்டுக்கு ஆறேழு பேர். மொத்தம் 152 பேர் இருந்தார்கள். தெரு உண்டு, பூங்கா உண்டு, சூப்பர் மார்க்கெட், ரெஸ்டாரண்ட், தியேட்டர் எல்லாம் உண்டு. வீட்டிலேயே சமையல், அந்த வாசனை எல்லோருக்கும் வரும். ஊழியர்களுக்கு யூனிஃபார்ம் கிடையாது. அந்த ஆட்கள் முன்பு எப்படி வாழ்ந்தார்களோ, அதற்கேற்ற வீடு. வெளியே போக ஒரே ஒரு வாசல், அங்கே எப்போதும் ஆள் இருப்பார். உள்ளே எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். 'இது ஏமாற்று வேலை, நாடக செட்' என்று திட்டியவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூப்பர் மார்க்கெட் நிஜம், ரொட்டி நிஜம், நடை நிஜம். எனக்குள்ள குறை வேறு. அதைக் கட்ட ஆன செலவில் பெரும்பங்கை அரசாங்கம் கொடுத்தது. நம் நண்பருக்கு யார் கொடுப்பார்கள்?

அவ்வளவு வசதி இல்லாவிட்டால் போகட்டும், இவோனின் கேள்வி இலவசம்தானே! அங்கே வேலை செய்கிற ஒரு ஆயாவைத் தனியாகப் பார்க்கும்போது, 'உங்கம்மாவா இருந்தா இங்கே விடுவீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். பதிலைவிட, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பாருங்கள்.

நண்பர் நாலு ஹோம்கள் பார்த்தார். முதல் இடத்தில் ரிசப்ஷனில் பளிங்குக் கல், சுவரில் சுவாமி படம், நீரூற்று. 'ராத்திரி எத்தனை பேர் டியூட்டி?' என்று கேட்டதற்கு மானேஜர் சுற்றிச் சுற்றிப் பேசினார். கடைசியில், நாற்பது பேருக்கு ஒரே ஒரு அட்டெண்டர் என்று தெரிந்தது. படுத்த படுக்கையானவர்களை ரெண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அப்போதுதான் எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் நிற்காது. ஒரே ஆள் எத்தனை பேரைத் திருப்புவார்? அகுஸ்டே ஞாபகம் வந்துவிட்டதாம், எழுந்து வந்துவிட்டார். ரெண்டாவது இடத்தில் எல்லாம் சரி, ஆனால் 'முதல் ஒரு மாசம் பார்க்க வரக்கூடாது, பழகறதுக்கு தொந்தரவா இருக்கும்' என்றார்கள். வேண்டாம் என்றேன். மூன்றாவது இடம் கட்டுப்படியாகவில்லை.

நாலாவது இடம் பழைய வீடு ஒன்று. பெயிண்ட் உதிர்ந்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் போனார் நண்பர். உள்ளே விட்டார்கள். ஒரு ஆயா, பெரியவர் ஒருவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். வாயில் இருப்பதை அவர் விழுங்குகிறவரை காத்திருந்து அடுத்த துண்டைக் கொடுத்தார். புண் வந்த ஆட்கள் இருக்கிறார்களா என்று நண்பர் கேட்டார். 'ரெண்டு பேருக்கு இருக்கு சார். ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்தது, ஒருத்தருக்கு இங்கதான் வந்தது, இப்ப ஆறிட்டு வருது' என்று பொறுப்பில் இருந்த நர்ஸம்மா சொன்னார். ஒளிக்கவில்லை. பிறகு அவர் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாவைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டாராம். என்ன பாடம் நடத்தினார், காபியா டீயா, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்...

'டீச்சர்னு கூப்பிட்டா போதும்' என்று நண்பர் சொன்னார்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் அந்தக் கோட்டை இப்போது இல்லை. 1920-களின் கடைசியில் இடித்துவிட்டு, ஐ.ஜி. ஃபார்பன் என்கிற ரசாயன கம்பெனி அங்கே தன் தலைமை அலுவலகத்தைக் கட்டியது. போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் அதில் உட்கார்ந்திருந்தது. 2001-லிருந்து அது கதே பல்கலைக்கழகம். அகுஸ்டே படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு அலைந்த இடத்தில், மாணவர்கள் புல்வெளியில் படுத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பரின் அம்மா அந்த நாலாவது வீட்டில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக அங்கே போய்விடுகிறார். அவரை அம்மாவுக்கு அடையாளம் தெரிகிற நாளும் உண்டு, பழைய மாணவன் என்று நினைத்து வீட்டுப்பாடம் கேட்கிற நாளும் உண்டு. ஊரில் பேசினார்களா என்று கேட்டேன்.

'பேசினாங்க சார். எங்க சித்தப்பா இன்னும் என்கூடப் பேசறதில்லை' என்றார்.